தம்பியை என்னிடமே தந்தாள் செல்லியம்மன்

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசிப் பந்தியில் இலை எடுப்பதற்குள்ளேயே என் தம்பியை எங்கே அனுப்புவது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அவன் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா போன நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

நான் வசந்தா. பிறந்த ஊர் விக்கிரமங்கலம். வாழ்க்கைப்பட்டது ஆண்டிமடம் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் பழனிவேல் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். நான் தையல் வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் சகோதரிகள் "நடந்ததை எழுதிக் குடு வசந்தா, நாலு பேருக்கு உதவும்" என்று பலமுறை கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தம்பி பெயர் குமரேசன். வயது இருபத்தாறு. நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. பசித்தால் "சோறு" என்பான். மற்றபடி, பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுவதை அதே குரலில் திருப்பிச் சொல்வான். மிக்ஸி ஓடினால் அலறுவான். தட்டில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். இதையெல்லாம் படித்து வைத்திருந்தவர் அம்மா ஒருவர்தான். அப்பா எப்போதோ போய்விட்டார். கல்யாணமான பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சொன்னார்: "திருச்சி பக்கம் ஒரு காப்பகம் இருக்கு. நல்லா பாத்துக்குறாங்களாம். நீ ஒரு வூட்டுக்கு வாழப் போன புள்ள. இவனையும் இழுத்துக்கிட்டு எப்படி இருப்ப?"

மாமா கெட்டவர் இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்த நாட்களில் மருந்து வாங்கி வந்தவர் அவர்தான். அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தனக்குப் பிறகு யார் என்ற பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் அன்று எனக்கு அது புரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த வாரம் மாமாவோடு அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தரை சுத்தமாக இருந்தது. சாப்பாடு சுடச்சுட வந்தது. யாருமே இல்லாதவர்களுக்கு அது பெரிய புண்ணியம். ஆனால் நாங்கள் கிளம்பும்போது, தம்பி வயதுள்ள ஒருவர் ஓடிவந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டு, "யாரு வந்தாலும் தன்னோட அக்கான்னு நெனச்சுக்குறார்மா" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பிடி என் முந்தானையிலேயே இருப்பது போல இருந்தது. காப்பகத்தில் மாமாவிடம் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். "அந்தப் பேப்பர்ல நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுறேன்" என்றார் மாமா.

ஊர் வந்ததும் நேரே ஏரிக்கரை செல்லியம்மன் கோயிலுக்குப் போனேன். உச்சிப்பொழுது. பூசாரி வீட்டுக்குப் போயிருந்தார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தாயே, அவனைக் குணமாக்கு, பேச வை என்று இத்தனை வருஷமாகக் கேட்டேன். இனி அதைக் கேட்க மாட்டேன். அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே இருக்கட்டும். ஆனால் அவனை என் கையிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எனக்கு வழி தெரியவில்லை. வழி தெரிந்த ஒரு ஆளையாவது காட்டு."

வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பை எடுத்துப் பையில் வைத்தேன். தம்பி என்னோடுதான் என்று உறுதியாகும்வரை காலில் செருப்பு ஏறாது என்று வேண்டிக்கொண்டேன்.

நான் மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டேன். தம்பிக்கு அந்த வீடும் அந்தக் கொட்டகையும் தவிர வேறு எங்கும் தூக்கம் வராது. மகளை விக்கிரமங்கலம் பள்ளியில் சேர்த்தேன். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துவிட்டுப் போவார். "எத்தினி நாளைக்கு இப்படி?" என்று ஒருமுறை கேட்டார். "தெரியலைங்க" என்றேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.

தம்பிக்கு அரசு கொடுத்த பராமரிப்பு உதவித்தொகை அம்மா பெயரோடு சேர்ந்த வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அம்மா போனதும் கணக்கு முடங்கியது. வங்கியில் கேட்டால் தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் வாரிசுச் சான்றிதழ் என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால், "இது போதாதும்மா" என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் அரியலூர் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். ஒரு எண் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த திங்களும் போனேன். இன்னொரு எண். அதற்கு முன்னால் எந்த அதிகாரி முன்னாலும் நான் வாய் திறந்தது கிடையாது. என் முறை வந்ததும் மனுவை மட்டும் நீட்டுவேன். கேட்க வேண்டியதைப் பாதியில் விழுங்கிவிட்டு வந்துவிடுவேன்.

மூன்றாவது திங்கள் வெயில் கடுமை. சிமெண்டுத் தரையில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் காலையே பார்த்தார். போலியோவால் அவருக்கு இரண்டு கால்களும் நடக்காது. மடியில் அட்டை வைத்து யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வேண்டுதலா?"

"ஆமாங்க்கா."

"எதுக்கு? எங்க, உன் மனுவைக் குடு."

வாங்கிப் படித்தார். பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டார்.

"உதவித்தொகை, உதவித்தொகைன்னு எழுதியிருக்க. அது அப்பறம் தானா வரும். உன் தம்பி பதினெட்டு வயசு தாண்டுன ஆளு. அவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் யாருன்னு ஒரு உத்தரவு வேணும். கலெக்டர் தலைமையில அதுக்குன்னு ஒரு குழுவே இருக்கு. அக்கா தங்கச்சியும் கேக்கலாம். யாரு பேர்ல உத்தரவு வருதோ, அவங்களைக் கேக்காம அவரை எங்கயும் அனுப்ப முடியாது. தெரியுமா உனக்கு?"

ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வழி தெரிந்த ஒரு ஆளைக் காட்டு என்று கேட்டேனே, காட்டிவிட்டாள். அவர் பெயர் மரகதம். அன்று வேறு வேலையாக வந்தவர். அரை மணி முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டியவராம், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையாம். இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மரகதம் அக்கா தம்பியின் பழைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவனுக்கு எட்டு வயதில் வாங்கியது. அதில் மனவளர்ச்சி குன்றியவர் என்று மட்டும் இருந்தது. "நீ சொல்றதையெல்லாம் கேட்டா ஆட்டிசம் மாதிரி இருக்கு. புதுசா டாக்டருங்க பாத்து எழுதணும். புதன்கெழமை கவர்மெண்டு ஆஸ்பத்திரியில மெடிக்கல் போர்டு உக்காரும். தம்பியைக் கூட்டிட்டு வா" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அன்று பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம், ஆம்புலன்ஸ் சத்தம், மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள். தம்பி தன் கையையே கடித்துக்கொண்டு அலறினான். என்னைத் தள்ளிவிட்டான். சுற்றி வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பேய் புடிச்சிருக்கும்போல" என்றது ஒரு குரல். காவலுக்கு இருந்தவர், "மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போம்மா" என்றார். உள்ளே போகாமலேயே திரும்பினோம்.

அன்று மாமா வீட்டுக்கு வந்தார். தம்பி கையில் பல் பதிந்த காயத்தைப் பார்த்தார். "இதுக்குத்தான் புள்ள சொன்னேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அழுகைதான் இருந்தது.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்றபோது மனதில் ஒன்று தோன்றியது. அம்மா தம்பிக்கு எதையும் ஒரே நாளில் பழக்கியதில்லை. சட்டை போடப் பழக்கவே ஒரு மாதம் எடுத்தார். நான் மட்டும் ஏன் ஒரே நாளில் அவனை அந்தக் கூட்டத்துக்குள் தள்ளினேன்?

அன்றிலிருந்து தினமும் தம்பியை பஸ்ஸில் அரியலூர் கூட்டிப் போனேன். முதல் நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை. நின்றோம், திரும்பினோம். இரண்டாம் நாள் வாசலைத் தாண்டிப் பத்து அடி. மூன்றாம் நாள் சைக்கிள் நிறுத்தும் இடம்வரை. காதில் வைக்கப் பஞ்சு, கையில் அவனுக்குப் பிடித்த பொரிகடலை. இரண்டு நாள் பின்னால் போனோம், மூன்று நாள் முன்னால் போனோம். கண்டக்டருக்கே எங்களைப் பழகிவிட்டது. "இன்னைக்கு எதுவரைக்கும்க்கா?" என்று கேட்பார். தம்பிக்காக விசில் அடிக்காமல் கையால் தட்டி பஸ்ஸை நிறுத்துவார். பதினோராவது நாள் உள்ளே இருந்த வேப்பமரத்தடியில் தம்பி தானாகவே போய் உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த புதன், போர்டு நாள். மரத்தடிவரை வந்துவிட்டான். அதற்குமேல் ஒரு அடி நகரவில்லை. உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். நான் தம்பியை விட்டுவிட்டுப் போக முடியாது. "தாயே, நீதான் நடத்தணும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

துணைக்கு வந்திருந்த மரகதம் அக்கா, "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுச் சாய்தளத்தில் ஸ்கூட்டரை ஏற்றி உள்ளே போனார். கால் மணி நேரம் ஆனது. பிறகு கதவு திறந்தது. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மனநல டாக்டர் அம்மா வெயிலில் நடந்து வந்தார். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டு மேடையில், தம்பியிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

உடனே எதுவும் கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே அவரும் பார்த்தார். தம்பி ஊர்ப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். அவர் அடுத்த ஊரைச் சொன்னார். தம்பி நிறுத்தினான். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அதற்கடுத்த ஊரைச் சொன்னான். இப்படியே இரண்டு பேருமாக ஜெயங்கொண்டம்வரை போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம் பார்த்தார். சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று என்னிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஆட்டிசம்தான்மா. சின்ன வயசுலயே யாராவது சொல்லியிருக்கணும். இது அடம் இல்ல, கிறுக்கும் இல்ல. நமக்குச் சாதாரணமா இருக்குற சத்தம் அவருக்கு வலிக்குது. ஆஸ்பத்திரிக்குள்ள வர மாட்டேன்னு அவர் சொன்னதுல தப்பே இல்ல" என்றார்.

"நாங்க செஞ்ச பாவமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அம்மாவைப் பார்த்து ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள்.

"பாவமும் இல்ல, கிரகணமும் இல்ல. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. இவரை இவ்வளவு தூரம் வளத்ததுக்கு அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

அந்த வார்த்தையைக் கேட்க அம்மா இல்லை. மரத்தடியிலேயே உடைந்து அழுதேன். இருபத்தாறு வருடம் அம்மா சுமந்த பழி அன்றைக்கு இறங்கியது.

புதிய சான்றிதழ் வந்தது. பாதுகாவலர் மனுவை மரகதம் அக்கா சொல்லச்சொல்ல நானே எழுதினேன். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். தம்பி எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், யார் குளிக்க வைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதையும் விழுங்காமல் பதில் சொன்னேன். பிறகு குழு முன்னால் ஆஜராகச் சொல்லித் தபால் வந்தது. நெருங்கிய உறவினர் என்று மாமாவுக்கும் தபால் போயிருந்தது.

மாமா எதிர்த்தால் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்தேன். அன்று காலையில் அம்மன் காலடியில் மனு நகலை வைத்து எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

தம்பிக்காக ஓரமாக இருந்த ஒரு சின்ன அறையில் எங்களைப் பார்த்தார்கள். கலெக்டர் கேட்டார்: "பெரியவரே, உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கா?"

மாமா எழுந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஆட்சேபணை இல்லைங்க. இந்தப் புள்ள அவனை எப்படிப் பாத்துக்குதுன்னு ஏழு மாசமா பாத்துட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணுங்க. இவளுக்கு ஒரு நா மேலுக்கு முடியலைன்னா அவனை யாரு பாப்பாங்க? அதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க. எங்கக்கா திடீர்னு போனப்ப பட்ட பாடு போதும்ங்க."

அவர் கேட்டது நியாயம்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் பாப்பேன் சார்."

என் வீட்டுக்காரர். லாரியை எங்கோ நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

"நான் இவ புருசன்ங்க. விக்கிரமங்கலத்துக்கே வந்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கெழமையில குமரேசனுக்கு நான்தான் சோறு போடுறேன். குழம்பு படாம வெக்கக் கத்துக்கிட்டேன்ங்க" என்றார்.

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுப்படியில் இருக்கும்போது அவர் தம்பிக்குத் தட்டு வைப்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு பெரிய அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அன்று அந்த அறையில் என் அம்மன் வெள்ளைத் தூசி படிந்த சட்டையில் வந்து நின்றாள் என்றே சொல்வேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவு கைக்கு வந்தது. குமரேசனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் வசந்தா என்று முத்திரையோடு இருந்தது. கோயிலுக்குப் போய் அதை அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட்டேன். எட்டு மாதம் வெறுங்காலாக இருந்ததில் செருப்பு கடித்தது. வங்கிக் கணக்கும் பிறகு திறந்தது, உதவித்தொகையும் வர ஆரம்பித்தது. மரகதம் அக்கா சொன்னபடி அது தானாகவே வந்தது.

இதோடு முடிந்தது என்று நான் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மாமா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. எங்களுக்கு நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். யாருமில்லாத தாய்மார்கள் என்ன செய்வார்கள்? மரகதம் அக்காவோடு சேர்ந்து தேடினோம். சுற்றுவட்டாரத்தில் எங்களைப் போல ஒன்பது குடும்பங்கள் கிடைத்தன. பத்து வயதுப் பெண் குழந்தையை யார் கண்ணிலும் படாமல் உள் அறையிலேயே வளர்த்த ஒரு தாய் இருந்தார். எல்லோருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்தோம். ஆட்டிசம் உள்ளவர்களைப் போர்டு நாளில் முதல் ஆளாக, தேவைப்பட்டால் வெளியே வைத்தே பார்க்க வேண்டும் என்று கேட்டோம். அது நடந்துவிட்டது. எங்கள் பக்கம் ஒரு பகல் நேரப் பராமரிப்பு மையம் வேண்டும் என்று கேட்டோம். அது இன்னும் வரவில்லை. நாலு முறை மனுக் கொடுத்திருக்கிறோம். ஐந்தாவது எழுதி வைத்திருக்கிறோம். வரும்வரை விட மாட்டோம்.

எங்கள் பூசாரியும் மாறிவிட்டார். நாங்கள் தம்பியோடு போனால் மணியை அடிக்காமல் கற்பூரம் மட்டும் காட்டுகிறார். "அம்மாளுக்குச் சத்தம் இல்லாட்டியும் தெரியும் தாயி" என்றார். தம்பி இப்போது சன்னதிவரை வருகிறான்.

முன்பு நான் வேண்டியபடி என் தம்பி பேசிவிடவில்லை. அவன் அப்படியேதான் இருக்கிறான். பேச ஆரம்பித்தது நான். வாய் திறக்கத் தெரியாத என்னை, கலெக்டர் முன்னால் நிற்க வைத்தாள் என் தாய். அவளுக்கு நான் என்ன திருப்பிச் செய்வேன்?

இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மகனோ மகளோ, கூடப் பிறந்தவர்களோ. கும்பிடுங்கள், கட்டாயம் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பிள்ளையின் ஆதார் நகலையும் பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமைகளில் காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் விக்கிரமங்கலம் நிறுத்தத்தில் நிற்பேன். எழுதத் தெரியாதே, அதிகாரியிடம் பேச வராதே என்று தயங்காதீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். தாளும் பேனாவும் என் பையில் இருக்கும். பக்கத்தில் உட்காருங்கள். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் உங்கள் மனுவை எழுதி முடித்துவிடலாம்.